செருப்பும் கிணறும்

திண்டுக்கல் என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குப் பூட்டு ஞாபகம் வரும். கொஞ்சம் வயதானவர்களுக்குச் சுருட்டு. இன்றைய இளைஞர்களுக்குப் பிரியாணி. தோல் ஞாபகம் வருகிறது என்று சொன்னவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. ஆனால் அந்த ஊரில் எத்தனையோ குடும்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டது தோல்தான். ஊரைச் சுற்றியுள்ள கிணறுகளைக் கெடுத்து வைத்ததும் அதே தோல்தான். சோறும் தண்ணீரும் ஒன்றுக்கொன்று பகையாகிப் போன கதை இது. இதில் வில்லன் என்று ஒருவனைப் பிடித்து நிறுத்துவது, கதை எழுதியே காலம் தள்ளுகிற எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இயற்கையைக் காப்பாற்ற வீட்டிலிருந்தபடியே என்ன செய்யலாம் என்று இப்போது எல்லோரும் யோசிக்கிறார்கள். நல்ல காலம். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை உபயோகித்துவிட்டு எறியும் பிளாஸ்டிக் சாமான்களுக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் சர்க்காரே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. கல்யாண வீட்டில் தேங்காய் வெற்றிலையோடு வந்து, பிறகு கொடியில் தொங்கிக் கிடந்த பை, இன்று கௌரவமாகக் கடைத்தெருவில் நடமாடுகிறது. குழாயை இறுக்கி மூடுகிறோம், விளக்கை அணைக்கிறோம், குப்பையைப் பிரித்துக் கொடுக்கிறோம். ஒன்றையும் நான் குறை சொல்ல மாட்டேன். என் கையிலும் ஒரு மஞ்சள் பை உண்டு.

ஆனால் இவற்றில் ஒரு பொதுக் குணத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். நம் வாசலுக்குள் வருவது, நம் வாசலை விட்டு வெளியே போவது, இந்த இரண்டைப் பற்றித்தான் நமக்குக் கவலை. ஒரு பொருள் நம் வாசலுக்கு வருமுன் அது பிறந்த ஊரில் எதை விட்டுவிட்டு வந்தது என்பது நம் கணக்கில் சேருவதே இல்லை. திண்டுக்கல் தோலின் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க, விட்டுப்போன அந்தக் கணக்குத்தான் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

கதை ஆவாரஞ் செடியில் தொடங்குகிறது. மானம் பார்த்த பூமியில், யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் விடாமல் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கிறதே, அதே ஆவாரைதான். ஆவாரை பூக்கிற ஊரில் சாவு எப்படி வரும் என்று கேட்கிற பழமொழி வைத்தியர்களுடையது. தோல்காரர்களுக்கு அதன் பூ வேண்டாம், பட்டைதான் வேண்டும். ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் தண்ணீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றில் தோலை வாரக்கணக்கில் போட்டுப் பதப்படுத்துவார்கள். தென்னாட்டிலிருந்து சீமைக்குக் கப்பலேறிய இந்தத் தோலுக்கு ‘கிழக்கிந்தியத் தோல்’ என்று வியாபாரிகள் பெயர் வைத்தார்கள். 1875-ல் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் பாதை திண்டுக்கல் வழியாக வந்தது. வறண்ட சீமை, ஆடு மாடு நிறைய, ஆவாரை நிறைய, சரக்கை ஏற்றியனுப்ப ரயில். ஒரு தொழில் வேரூன்ற இதற்கு மேல் என்ன வேண்டும்? முதல் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோலாகச் சென்னை மாகாணத்துத் தோல் போயிற்று. பிரான்ஸ் தேசத்துச் சேற்றை நம் ஊர் ஆவாரை மிதித்தது என்றுகூடச் சொல்லலாம்.

பழைய முறையைப் பொன்னாக்கிக் காட்ட எனக்கு ஆசை இல்லை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலின் நாற்றம் அன்றும் நாற்றந்தான். அந்தத் தொட்டிக்குள் இடுப்பளவு இறங்கி நின்றவர்கள் பெரும்பாலும் வேறு எந்த வேலையும் கொடுக்கப்படாத ஜாதிகளில் பிறந்த ஏழைகள். அவர்களுடைய கால்களை அரித்த சுண்ணாம்பைப் பற்றி ஏற்றுமதிக் கணக்கில் ஒரு வரி கிடையாது. திண்டுக்கல்லிலேயே வாழ்ந்து வக்கீல் தொழில் பார்த்த டி. செல்வராஜ், இந்தத் ‘தோல் ஷாப்’ தொழிலாளிகளின் வாழ்க்கையையும் போராட்டத்தையும் ‘தோல்’ என்ற பெரிய நாவலாக எழுதினார். 2012-ஆம் வருஷத்துச் சாகித்ய அகாடமி பரிசு அதற்குக் கிடைத்தது. சரித்திரப் புத்தகம் எழுத மறந்ததை ஒரு நாவல் எழுதி வைத்திருக்கிறது என்று நம் தொழிலைக் குறித்துக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

மரப்பட்டை என்றாலே அது சாது என்றும் நினைத்துவிடக் கூடாது. ஆவாரை போதாமல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டையை இறக்குமதி செய்தார்கள். அதை இங்கேயே வளர்த்தால் என்ன என்று சுதந்தரத்துக்குப் பிறகு ஒரு யோசனை பிறந்தது. விளைவு, கொடைக்கானலைச் சுற்றிப் பழனி மலையின் புல்வெளிகளில் வாட்டில் மரங்களை வரிசை வரிசையாக நட்டார்கள். பஞ்சு மாதிரி மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, ஓடைகளுக்குச் சிறுகச் சிறுகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த புல்வெளி அது. அதைத் திரும்ப மீட்பது எப்படி என்று இன்று வனத்துறையும் விஞ்ஞானிகளும் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

குரோம் உப்பைக் கொண்டு தோல் பதனிடும் முறை சென்னைக்கு வந்த விதம் வேடிக்கையானது. சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராயிருந்த ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் 1903-ல் அதற்கான சோதனைகளைத் தொடங்கினார். அலுமினியப் பாத்திரத் தொழிலை இங்கே கொண்டுவந்தவரும் அவர்தான். பட்டையில் பதனிட்ட தோல் தண்ணீரில் ஊறி ஊறிச் சீக்கிரம் அழுகிப்போகும். குரோம் தோல் அப்படிப் போகாது. ஆகவே விவசாயி கமலை இறைக்கும் சாலுக்கு இந்தத் தோல் ஏற்றது என்று அவர் கருதினார். கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பதற்கென்று சிபாரிசு செய்யப்பட்ட குரோம் தோல், பிற்காலத்தில் கிணற்றுக்கு என்ன செய்தது என்பதை அவர் கனவிலும் நினைத்திருக்க முடியாது.

வெகு காலம் வரை பட்டைத் தோலே கோலோச்சியது. மாற்றம் வந்தது 1970-களில். அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏன் மலிவாக அனுப்ப வேண்டும், முழுவதும் முடித்த தோலையும் செருப்பையும் அனுப்பினால் நாலு காசு கூடக் கிடைக்குமே என்று 1972-ல் சீதாராமய்யா குழு யோசனை சொல்லியது. மத்திய சர்க்கார் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. யோசனையில் தப்பு சொல்ல முடியாது. அந்நியச் செலாவணி வந்தது, வேலையும் பெருகியது. ஆனால் முன்பு இத்தாலியிலும் இங்கிலாந்திலும் நடந்த வேலையில் பெரும்பகுதி இங்கே வந்து சேர்ந்தபோது, அதனுடைய கழிவும் கூடவே வந்தது. வாரக்கணக்கில் ஆன வேலையைக் குரோம் ஒரு நாளில் முடித்துக் கொடுத்தது. வேகம் கூடியது; தொட்டிகள் கூடின. திண்டுக்கல்லிலும் சுற்றுப்புறத்திலும் தோல் ஷாப்புகள் எண்பதை ஒட்டி இருந்தன.

இங்கே கொஞ்சம் உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரோமியம் என்றால் நாம் பயப்படுகிறோம். உப்பென்றால் சமையலறை ஞாபகம். ஆனால் கிணற்றைக் கெடுப்பதில் உப்புத்தான் மூத்தது. உரித்த தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவான உப்பைத் தடவி அனுப்புகிறார்கள். தோல் ஷாப்புக்கு வந்ததும் அத்தனை உப்பையும் கழுவி விட வேண்டும். ஒரு கிலோ தோல் தயாராகி வர ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. அந்தத் தண்ணீர் எங்கே போகும்? வாய்க்காலுக்குப் போகும்; குளத்துக்குப் போகும்; குடகனாற்றுக்குப் போகும்.

குடகனாறு ஒன்றும் காவிரி அல்ல. மலையடிவாரத்தில் புறப்பட்டு, ஆத்தூர் வழியாக வந்து, திண்டுக்கல் சமவெளியைத் தாண்டி, வேடசந்தூர்ப் பக்கம் போய், கடைசியில் அமராவதியில் கலக்கிற சின்ன ஆறு. வருஷத்தில் பல மாதம் மணல்தான். அழுக்கை அடித்துக்கொண்டு போகிற தெம்பு அதற்கு இல்லை. திண்டுக்கல் பூமியோ கீழே பாறை. மேலே உள்ள சிதைந்த மண்ணிலும் பாறையின் வெடிப்புகளிலும் தங்குகிற கொஞ்சம் தண்ணீர்தான் கிணறுகளின் முதல். அந்த முதலில் உப்பு ஒருமுறை கலந்துவிட்டால் பிறகு லேசில் போகாது. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாவதில்லை.

ஊருக்கு மேற்கே ஒரு தோட்டத்தில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். பெயர் வேண்டாம். கிணற்று மேட்டில், வாய்க்கால் ஓரங்களில் வெள்ளையாகப் பூத்திருந்தது. தென்னை இருந்தது, காய் எலுமிச்சைக்கு அண்ணன் மாதிரி இருந்தது. ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்து, “முழுங்கிறாதீங்க ஐயா, சும்மா நாக்குல வச்சுப் பாருங்க” என்றார். வைத்துப் பார்த்தேன்.

“இந்தத் தண்ணியில பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. மாடு மூஞ்சியத் திருப்பிக்கும்” என்றார் அவர்.

“தோல் ஷாப்பை மூடச் சொல்லி நீங்கள் யாரும் கேட்கவில்லையா?” என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “எம்மூத்த மகன் அங்கனதான ஐயா வேலை பார்த்தான்? இந்தக் கிணத்துல வெள்ளாமை இல்லேன்னுதான் அங்க போனான். மூடிப்பிட்டா எங்க போவான்?” என்றார்.

கிணற்றைக் கெடுத்த வேலைக்கே, கிணறு கெட்டுப்போன காரணத்தால் மகனை அனுப்ப வேண்டியிருக்கிறது. இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? நான் சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

விஷயம் டில்லி வரைக்கும் போயிற்று. வழக்குப் போட்டது வேலூர்க்காரர்கள். பாலாற்றங்கரையில் இதே கதை இன்னும் பெரிதாக நடந்துகொண்டிருந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டது. அதில் திண்டுக்கல்லும் சேர்ந்துகொண்டது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களை ஒரு தொண்டு நிறுவனம் சுற்றிப் பார்த்து எடுத்த கணக்கு நீதிமன்றத்தின் முன் வந்தது. குடிக்கவும் பாய்ச்சவும் இருந்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. நாலு கிணற்றில் மூன்று! பெண்களும் குழந்தைகளும் குடத்தைத் தூக்கிக்கொண்டு மைல் கணக்கில் நடக்கிறார்கள் என்பதும் தீர்ப்பிலேயே ஏறியிருக்கிறது.

1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. தோல் தொழில் தேசத்துக்கு அவசியம். வேலை கொடுக்கிறது, செலாவணி கொண்டுவருகிறது. ஆனாலும் நிலத்தையும் தண்ணீரையும் நாசமாக்க அதற்கு உரிமை கிடையாது என்பது அதன் சாரம். கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற தத்துவம் இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதியாக நிலைநாட்டியது. கெடுதல் வருமென்று முழு நிரூபணம் கிடைக்கும் வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற தத்துவமும் அப்படியே. திண்டுக்கல் உள்பட ஐந்து ஜில்லாக்களிலும் உள்ள ஒவ்வொரு தோல் ஷாப்பும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும்; கழிவு நீரைச் சுத்தம் செய்யத் தனியாகவோ கூட்டாகவோ நிலையம் வைக்க வேண்டும்; இல்லையேல் மூட வேண்டும் என்று உத்தரவாயிற்று. இன்றைக்கும் சட்டக் கல்லூரி மாணவர்கள் அந்தத் தீர்ப்பை உருப்போடுகிறார்கள். அதற்குள் ரெட்டியார்சத்திரத்துக் கிணறுகள் இருக்கின்றன என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

நிலையங்கள் வந்தன. நாற்றமும் அழுக்கும் குறைந்தன. ஆனால் ஆரம்பத்தில் வைத்த யந்திரங்களால் தண்ணீரில் கரைந்துபோன உப்பைப் பிரிக்க முடியவில்லை. அதற்குச் சவ்வு வழியாக வடிகட்டும் யந்திரமும், மிஞ்சுகிற உவர் நீரைக் காய்ச்சி உப்பாக்குகிற ஏற்பாடும் வேண்டும். அவை பிற்பாடுதான் வந்தன, செலவும் அதிகம். பழைய உப்பு பாறை வெடிப்பில் அப்படியே இருக்கிறது. டவுனில் வசதியுள்ளவர்கள் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள். அல்லது வீட்டிலேயே சுத்திகரிப்பு யந்திரம் வைத்து, ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று குடத்தைச் சாக்கடையில் விடுகிறார்கள்.

இதற்கிடையே ஜெர்மனியில் ஒரு சம்பவம் நடந்தது. தோலில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கப் பென்டாகுளோரோபீனால் என்ற மருந்தைப் போடுவது வழக்கமாயிருந்தது. அது உடம்புக்கு ஆகாது என்று கண்டு, ஒரு கிலோ தோலில் 5 மில்லிகிராமுக்கு மேல் அது இருந்தால் உள்ளே விடமாட்டோம் என்று 1989-ல் ஜெர்மானியர்கள் சட்டம் செய்தார்கள். 1994-ல் சில சாயங்களுக்கும் தடை போட்டார்கள். நம் ஊர்த் தோல் வியாபாரிகள் அலறினார்கள். பிறகு சில வருஷங்களுக்குள்ளேயே மருந்தை மாற்றிவிட்டார்கள். வாங்குகிறவன் வாய் திறந்தால் விற்கிறவன் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறான், பாருங்கள்! ஆனால் ஜெர்மானியர் கேட்டது தங்கள் காலில் வந்து படுகிற விஷத்தைப் பற்றி. பார்சலில் ஏறாமல் இங்கேயே தங்கிவிட்ட உப்பைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. அவர்களைக் குறை சொல்வானேன்? சென்னையிலும் மதுரையிலும் செருப்பு வாங்கிய நாமும் கேட்கவில்லை.

கேட்க வேண்டும் என்று ஒருவர் வெகு காலத்துக்கு முன்பே சொல்லிவிட்டுப் போனார். அவர் ஜே. சி. குமரப்பா. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை கற்றவர். அமெரிக்காவில் பொருளாதாரம் படித்தவர். எல்லாவற்றையும் உதறிவிட்டுக் காந்தியடிகளிடம் போய்ச் சேர்ந்து, 1934-ல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர். கடைசிக் காலத்தில் மதுரை ஜில்லா தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் குடியிருந்தார். 1960-ல், காந்தியடிகள் மறைந்த அதே ஜனவரி 30-ஆம் தேதியில் காலமானார். தணிக்கைக்காரரின் புத்தி அவரை விட்டுப் போகவே இல்லை. ஒரு கோப்பை கோகோவை எடுத்துக்கொண்டு, அது ஆப்பிரிக்காவில் யாரை அடித்து வேலை வாங்கி விளைந்தது, எந்தக் கப்பலில் வந்தது, எந்தத் தொழிற்சாலையில் யார் வயிற்றில் அடித்துத் தயாரானது என்று படிப்படியாகக் கணக்குப் பார்ப்பார். அதைக் குடிக்கிறவன் அத்தனையிலும் பங்காளி என்பது அவருடைய வாதம். சிறையிலிருந்தபோது அவர் எழுதி 1945-ல் வெளியான ‘நிலைத்த பொருளாதாரம்’ பற்றி நாலு வரி தெரிந்தவர்கள்கூட இந்தப் பங்காளிக் கணக்கைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். அது கையைக் கடிக்கிற பகுதி அல்லவா?

திண்டுக்கல் பக்கத்துக்கு அந்த வழியில் ஒரு பரம்பரையே உண்டு. 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் அம்பாத்துரை ரயில் நிலையத்தருகே காந்தி கிராமத்தை அமைத்தார்கள். அங்கே வெகு காலம் வேலை செய்த ஜகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதிகள் நிலமில்லாதவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுப்பதிலேயே ஆயுளைக் கழித்தவர்கள். கீழ்த்தஞ்சைக் கடற்கரையில் இறால் பண்ணைகள் வந்து குடிதண்ணீர்க் கிணறுகள் உப்பாகத் தொடங்கியபோது, எண்பது வயதை எட்டிக்கொண்டிருந்த ஜகந்நாதன் 1994-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 11-ஆம் தேதி தீர்ப்பு வந்தது; சொன்னவர் அதே குல்தீப் சிங். இறாலைத் தின்றவர்கள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருந்தார்கள். தோலைப் போலவே இறாலும் கப்பலேறிப் போயிற்று. உப்பு ஊரில் தங்கியது. நாலே மாதத்தில் இரண்டு தீர்ப்புகள், இரண்டும் உப்பைப் பற்றி!

சரி, கோர்ட்டுக்குப் போக நம்மால் முடியாது. தினசரி வாழ்க்கையில் நமக்கு என்ன வேலை என்று கேட்டால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில், அறுந்த செருப்பைத் தைத்துப் போட்டுக்கொள்ளலாம். எங்கள் தெருமுனையில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரே ஜோடிக்கு மூன்று முறை அடி மாற்றியிருக்கிறேன். இன்னும் ஒரு வருஷம் தாங்கும் என்கிறார். அதுவரை என் கணக்கில் ஒரு தோல் குறைவாகத் தொட்டிக்குப் போகும். அவருக்கும் ஒரு வேலை.

புதிதாக வாங்கித்தான் தீர வேண்டுமென்றால் வெட்டு விளிம்பைப் பார்க்கலாம். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. பட்டைத் தோலாக இருந்தால் உள்ளே வரை ஒரே பழுப்பு. குரோம் தோலாக இருந்தால், மேலே எந்தச் சாயம் பூசினாலும் வெட்டிய இடத்தில் நடுவே லேசாக நீலச் சாம்பல் தெரியும். பட்டை என்றால் உப்பும் சுண்ணாம்பும் இல்லை என்று அர்த்தமல்ல. வாட்டில் மரத்தின் கதையையும் மேலே சொல்லியாயிற்று. ஆகவே விளிம்பைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் வாயைத் திறந்து கேட்கவும் வேண்டியிருக்கிறது. எந்த ஊர்த் தோல், அந்தக் கழிவு நீர் எங்கே போகிறது என்று.

நான் கேட்டுப் பார்த்தேன். மேல ரத வீதியில் எனக்கு வெகு நாளாகப் பழக்கமான கடை. முதலாளி நல்ல மனிதர். “தோல் ஒரிஜினல்தான் சார், அதில் சந்தேகமே வேண்டாம்” என்றார். ஒரிஜினலா என்று நான் கேட்கவில்லை, எங்கே பதனிட்டது என்று கேட்கிறேன் என்றேன். உள்ளே இருந்த பையனைக் கூப்பிட்டார். பையன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பெட்டியில் அளவு இருந்தது, விலை இருந்தது. “மொத்த வியாபாரியிடம் விசாரித்துச் சொல்கிறேன் சார்” என்றார் முதலாளி. சென்ற மாதம் மறுபடி போய் நினைவூட்டினேன். மறக்கவில்லையாம், மொத்த வியாபாரி ஆம்பூரில் கேட்டு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாராம். தீபாவளிக்கு முன் ஒரு நடை போய்விட்டு வரலாம் என்றிருக்கிறேன்.